குகைக்குள் மழை பெய்வதில்லை

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இங்கே என்னைப் பேசச் சொன்னால் ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், நாமினி போடுவது எப்படி என்று பேசுவேன். இந்த முறை செயலாளர் வேறு வேலை கொடுத்துவிட்டார். நம் பி பிளாக் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து வரும் ஜூன் மூன்றாவது வாரம் மேகாலயா போய், உள்ளே தண்ணீர் ஓடும் குகைகளைப் பார்த்துவரத் திட்டம் போட்டிருக்கிறார்கள். பெற்றோர்களில் சிலருக்குக் கவலை. "சார், நீங்கள்தான் மலை, குகை என்று தேடித் தேடிப் படிக்கிறவர். நாலு வார்த்தை பேசுங்களேன்" என்றார் செயலாளர்.

பிள்ளைகளும் முன் வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சந்தோஷம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போகாதே என்று சொல்ல நான் வரவில்லை. இந்த வயதில் போகாமல் முழங்கால் தேய்ந்த பிறகா போவார்கள்? எப்போது போவது, யாரிடம் சொல்லிவிட்டுப் போவது, எப்போது திரும்புவது, இந்த மூன்றும்தான் என் பேச்சு.

குகை எப்படி உண்டாகிறது என்பதை ஒரு காமர்ஸ் பட்டதாரிக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நீளமான குகைகளில் பெரும்பாலானவை சுண்ணாம்புப் பாறையில் உண்டானவை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் பாறை விரிசல்களில் இறங்கிச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. இப்படியே லட்சக்கணக்கான ஆண்டுகள் நடந்தால் விரிசல் பொந்தாகும், பொந்து சுரங்கமாகும். நாம் டார்ச் அடித்துக்கொண்டு நடக்கும் பாதையை நமக்காக யாரும் வெட்டி வைக்கவில்லை. தண்ணீர் தனக்காகப் போட்டுக்கொண்ட பைப் லைன் அது. கோடையில் காலியாகக் கிடக்கிறது, அவ்வளவுதான். மழைக்காலத்தில் வீட்டுக்காரர் திரும்பி வருவார்.

அவர் எப்போது வருவார் என்பதில்தான் சிக்கல். நம் மொட்டை மாடியைப் பாருங்கள். மழை விட்டு அரை மணி ஆன பிறகும் மழைநீர் சேகரிப்புக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு மாடிக்கே இப்படி என்றால் ஒரு மலைக்கு? உச்சியில் விழுந்த மழை ஓடையில் சேர்ந்து, ஓடை பாறைக் குழிக்குள் இறங்கி, எத்தனையோ விரிசல்கள் வழியாகக் குகைக்குள் வர வேண்டும். சில குகைகளில் நிமிடங்களில் வந்துவிடும், சிலவற்றில் மணிக்கணக்கில் ஆகும். வங்கி பாஷையில் சொன்னால், மழை என்பது மலை உச்சியில் போட்ட செக். கிளியரிங் ஆகிக் கீழே வரவு வைக்க நேரம் பிடிக்கும். குகை வாசலில் நின்று, "நல்ல வெயில்தானே அடிக்கிறது" என்று சொல்கிறவர் மேலே ஏற்கெனவே போட்ட செக்கைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. குகைக்குள் மழை பெய்வதில்லை. அதனால் உள்ளே இருப்பவருக்கு வெளியே மழை தொடங்கியதும் தெரியாது.

இப்போது நீங்கள் எல்லோரும் டிவியில் பார்த்த கதைக்கு வருகிறேன். வடக்குத் தாய்லாந்தில் சியாங் ராய் மாகாணம், மியான்மர் எல்லையை ஒட்டி டோய் நாங் நோன் என்று ஒரு மலைத்தொடர். படுத்திருக்கும் பெண்ணின் மலை என்று பொருள். அதற்குள் சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள தாம் லுவாங் குகை. 2018 ஜூன் 23, சனிக்கிழமை. 11 முதல் 16 வயது வரையுள்ள 12 சிறுவர்களும் 25 வயதுப் பயிற்சியாளர் ஒருவரும் கால்பந்துப் பயிற்சி முடிந்து சைக்கிளில் குகைக்குப் போனார்கள். முன்பே போய்ப் பழகிய இடம். ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதாக எண்ணம்.

குகை வாசலில் ஒரு எச்சரிக்கைப் பலகை இருந்தது. ஜூலை முதல் நவம்பர் வரை வெள்ள அபாயம், உள்ளே போக வேண்டாம் என்று. அன்று தேதி ஜூன் 23. பலகைப்படி பார்த்தால் இன்னும் ஒரு வாரம் பாக்கி. ஆனால் மழை பலகையைப் படித்துவிட்டு வருவதில்லையே. பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது திரும்பும் வழியில் தண்ணீர் நிரம்பிவிட்டது. பயிற்சியாளர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முங்கிப் பார்த்தார். வழி இல்லை. வேறு வழியில்லாமல் இன்னும் உள்ளே போய், மேடான ஓர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

பிள்ளைகள் வீடு திரும்பாததால் தேடல் தொடங்கியது. குகை வாசலில் நின்ற சைக்கிள்கள்தான் அவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்பதைக் காட்டிக்கொடுத்தன. அந்தச் சைக்கிள்கள் இல்லையென்றால் தேட வேண்டிய இடம் எது என்றே தெரிந்திருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருகிறேன்.

வாசலிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் உள்ளே, ஜூலை 2 இரவு, ரிக் ஸ்டாண்டன், ஜான் வாலந்தன் என்ற இரண்டு பிரிட்டிஷ் குகை முக்குளிப்பாளர்கள் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். 13 பேரும் உயிரோடு இருந்தார்கள். சாப்பாடு இல்லை. பாறைச் சுவரில் சொட்டிய நீரை மட்டும் குடித்தார்கள். பயிற்சியாளர் முன்பு புத்த மடத்தில் இருந்தவர், பிள்ளைகளைத் தியானத்தில் உட்கார வைத்துப் பதற்றப்படாமல் பார்த்துக்கொண்டார்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். முக்குளித்தவர்களைப் பற்றித்தான் படம் எடுத்தார்கள், புத்தகம் எழுதினார்கள். அது நியாயம்தான். ஆனால் கணக்குப் பார்த்தே காலம் கழித்த எனக்கு அதிகம் பிடித்தது இன்னொரு வேலை. அது குகைக்குள் நடக்கவில்லை, மலைமேல் நடந்தது.

குகையிலிருந்து தண்ணீரை இறைக்க ஏகப்பட்ட பம்புகளை வைத்தார்கள். நம் நாட்டிலிருந்தும் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் நிறுவனத்தின் நிபுணர்கள் போயிருந்தார்கள். ஆரம்ப நாட்களில் எவ்வளவு இறைத்தாலும் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. காரணம் எளிது. செலவை மட்டும் பார்த்தால் போதாது, வரவையும் நிறுத்த வேண்டும். ராணுவத்தினரும் வனத்துறை ஊழியர்களும் தன்னார்வலர்களும் காடேறி, எந்த ஓடை எந்தக் குழியில் இறங்குகிறது என்று தேடினார்கள். மணல் மூட்டை அடுக்கினார்கள், குழாய் போட்டு நீரைத் திருப்பினார்கள், மூங்கிலைக்கூடக் குழாயாகப் பயன்படுத்தினார்கள். மலைமேல் வரவைக் குறைத்து, கீழே பம்பு வைத்துச் செலவைக் கூட்டி, ஒருவழியாக மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினார்கள். மொத்தம் 100 கோடி லிட்டருக்கும் மேல் இறைத்ததாகக் கணக்கு. இறைத்த தண்ணீர் பக்கத்து வயல்களில் பாய்ந்து பயிர் மூழ்கியது. இழப்பீடு தருகிறோம் என்று அரசு சொன்னபோது, வேண்டாம், பிள்ளைகள் வந்தால் போதும் என்று பல விவசாயிகள் சொன்னார்கள்.

அப்போதும் நேரம் போதவில்லை. பிள்ளைகள் இருந்த இடத்தில் காற்றில் ஆக்சிஜன் 15 சதவீதமாக இறங்கியது. வழக்கமாக 21 இருக்க வேண்டும். மறுபடியும் பெருமழை வரும் என்று வானிலை அறிக்கை. மழைக்காலம் முடியும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கலாம் என்ற யோசனை கைவிடப்பட்டது. ரிச்சர்ட் ஹாரிஸ் என்ற ஆஸ்திரேலிய மயக்க மருந்து நிபுணர், அவரே குகை முக்குளிப்பாளரும்கூட, ஒவ்வொருவருக்கும் மயக்க மருந்து கொடுத்தார். முகம் முழுக்க மூடும் முகமூடி மாட்டி, நினைவில்லாத நிலையில் தண்ணீருக்கடியில் கொண்டுவந்தார்கள். ஜூலை 8 அன்று நான்கு பேர், 9 அன்று நான்கு பேர், 10 அன்று ஐந்து பேர். கடைசிப் பையன் வெளியே வந்து சில மணி நேரத்தில் முக்கியப் பம்பு பழுதாகி, தண்ணீர் சரசரவென்று ஏறியது. உள்ளே இருந்த மீட்புப் பணியாளர்கள் ஓடி வெளியே வந்தார்கள்.

இது வெற்றிக் கதை என்று கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சமன் குனான் என்பவர் தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர். வேறு வேலையில் இருந்தவர், தானாக முன்வந்து வந்தார். வழிநெடுகக் காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும்போது ஜூலை 6 அதிகாலை இறந்துபோனார். பெய்ரூட் பாக்பாரா என்ற இன்னொரு கடற்படை வீரர், மீட்புப் பணியின்போது தொற்றிய ரத்தக் கிருமியால் 2019 டிசம்பரில் இறந்தார். ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்கப் போனதற்கு 18 நாள், 10,000 பேரின் உழைப்பு, இரண்டு உயிர். சிறுவர்கள் மேல் நான் பழி போடவில்லை. அவர்கள் சிறுவர்கள், தேதி பலகைக்குள்தான் இருந்தது. நான் சொல்ல வந்தது, நாம் ஒரு குகைக்குள் காலெடுத்து வைக்கும்போது நம் உயிரை மட்டும் பந்தயம் வைக்கவில்லை. நம்மைத் தேடி வரப்போகிறவரின் உயிரையும் சேர்த்தே வைக்கிறோம். அவரிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை.

"அங்கிள், அவர்கள் சின்னப் பையன்கள். நாங்கள் விவரம் தெரிந்தவர்கள்" என்று முன் வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. சரி, விவரம் தெரிந்தவர்கள் கதை இரண்டு சொல்கிறேன்.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் மலைப்பகுதியில் மோஸ்டேல் என்று ஒரு குகை. பல இடங்களில் படுத்து ஊர்ந்துதான் போக முடியும். 1967 ஜூன் 24 அன்று குகைப் பயணத்தில் பழக்கமுள்ள பத்துப் பேர் உள்ளே போனார்கள். நான்கு பேர் முன்னதாகத் திரும்பிவிட்டார்கள். பிறகு பெய்த பெருமழையில் ஓடை பெருகிக் குகை நிரம்பியது. திரும்பியவர்களில் ஒரு பெண் மறுபடி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, உதவி கேட்க மேட்டு நிலத்தைத் தாண்டி ஓடினார். மீட்புக் குழுவினர் ஓடையைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டினார்கள். தாய்லாந்தில் செய்த அதே வேலைதான், 51 ஆண்டுகளுக்கு முன்பே. ஆனாலும் உள்ளே இருந்த ஆறு பேரும் இறந்துவிட்டார்கள். அவர்கள் உடல்களை வெளியே கொண்டுவர முடியாமல் குகையிலேயே விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது, கருங்கடலை ஒட்டிய காகசஸ் மலையில், அப்காசியா பகுதியில் இருக்கும் வெர்யோவ்கினா குகை. உலகத்திலேயே ஆழமான குகை, 2,200 மீட்டருக்கும் அதிகம். பக்கவாட்டில் நடப்பது குறைவு, கயிறு கட்டிக் கீழே கீழே இறங்க வேண்டும். அடிவரை போகவே நாட்கள் ஆகும். 2018 செப்டம்பரில் அங்கே ரஷ்யக் குகை ஆய்வாளர்களோடு ராபி ஷோன் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரரும் இருந்தார். சுமார் 2,100 மீட்டர் ஆழத்தில் முகாம். மேலே மலையில் பெய்த மழைத் தண்ணீர் திடீரென்று உள்ளே வந்தது. முதலில் வந்தது சத்தம், ரயில் வருவது போல. அடுத்த நிமிடம் அவர்கள் செய்தது ஒன்றே ஒன்று: சாமான்களை அப்படியே போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்து மேலே ஏறினார்கள். அவர்களுக்குக் கீழே தண்ணீர் 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. எல்லோரும் பிழைத்தார்கள். உலகத்தின் தலைசிறந்த குகை ஆட்களே ஓடித்தான் தப்பித்தார்கள். கேமராவை எடுக்கிறேன், பையை எடுக்கிறேன் என்று நின்றிருந்தால் கதை வேறு.

இப்போது மேகாலயாவுக்கு வருவோம். பெயரே மேகங்களின் இருப்பிடம். காசி மொழியில் குகைக்கு 'கிரெம்' என்று பெயர். ஜைந்தியா மலையில் கிரெம் லியட் பிரா என்ற குகை 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இத்தனை நீளமான குகைகள் அங்கே ஏன் இருக்கின்றன? சுண்ணாம்புப் பாறையும் இருக்கிறது, கொட்டும் மழையும் இருக்கிறது. சிரபுஞ்சியில் ஜூன் மாதம் ஒன்றில் மட்டும் பெய்யும் சராசரி மழை நம் சென்னையின் ஓராண்டு மழையைவிட அதிகம். குகையைச் செய்த அதே மழை வேலைக்கு வரும் மாதத்தில்தான் நம் பிள்ளைகள் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேகாலயா அட்வென்சரர்ஸ் அசோசியேஷன் என்ற உள்ளூர் அமைப்பு 1992 முதல் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்தக் குகைகளை அளந்து வரைபடம் போட்டுவருகிறது. இத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் எந்த மாதம் உள்ளே போகிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் பிப்ரவரி. குளிர்காலத்தின் கடைசி, மண் காய்ந்திருக்கும், ஓடைகள் மெலிந்திருக்கும். அவர்களுக்கே பிப்ரவரி என்றால் நமக்கு ஜூன் எதற்கு? மாஸ்மாய் மாதிரி விளக்குப் போட்டு, பாதை போட்டு, டிக்கெட் கொடுத்து அனுப்பும் சுற்றுலாக் குகை வேறு. நான் பேசுவது அதைத் தாண்டிப் போகிறவர்களுக்கு.

ஒரு தம்பி வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியிருந்தார், ஜூனில் போய்வந்தவர்கள் வீடியோ போட்டிருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்று. ஜாமீன் இல்லாமல் கொடுத்த கடனில் பல திரும்பி வந்திருக்கின்றன. அதற்காக எந்த மேனேஜரும் ஜாமீனே வேண்டாம் என்று சொல்ல மாட்டார். திரும்பி வந்தவர்தான் வீடியோ போட முடியும் தம்பி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மோசமான வானிலையில் மனிதர்கள் மலையேறுவதும் குகைக்குள் போவதும் துணிச்சலால் மட்டும் அல்ல. லீவு போட்டாயிற்று, முன்பணம் கட்டியாயிற்று, இவ்வளவு தூரம் வந்தாயிற்று. இந்த மூன்று 'ஆயிற்று'தான் பல பேரை உள்ளே தள்ளுகிறது. வங்கியில் இதை நாங்கள் தினம் பார்ப்போம். கொடுத்த கடன் வராது என்று தெரிந்த பிறகும், முதலில் கொடுத்ததைக் காப்பாற்ற மேலும் கொடுப்பார்கள். கட்டிய பணம் போனால் வராக்கடன் என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். எந்த அறிகுறி தெரிந்தால் திரும்புவது என்பதை வீட்டில் உட்கார்ந்து, வயிறு நிறைந்து, தலை தெளிவாக இருக்கும்போதே பேசி முடிவு செய்யுங்கள். குகை வாசலில் எட்டுப் பேர் ஓட்டெடுப்பு நடத்தக் கூடாது. ஒருவர் வேண்டாம் என்றாலும் திரும்ப வேண்டும். உள்ளூர் வழிகாட்டி வேண்டாம் என்றால் அத்தோடு பேச்சு முடிந்தது.

குகை ஆட்கள் கடைப்பிடிக்கும் சில வழக்கங்களையும் சொல்கிறேன். ஆளுக்கு மூன்று விளக்கு, ஒன்று கெட்டால் இன்னொன்று. உள்ளே போனதும் சுவரையும் கூரையையும் பாருங்கள். கூரை இடுக்கில் இலை, சுள்ளி சிக்கியிருந்தால் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். தெளிந்து ஓடிய நீர் கலங்கினாலோ, சத்தம் மாறினாலோ, காற்று திடீரென்று வேகமாக வீசினாலோ காரணம் விசாரித்துக்கொண்டு நிற்காமல் திரும்புங்கள். வழி அடைபட்டுவிட்டால் தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் உயரமான இடத்துக்குப் போய், ஒரே ஒரு விளக்கை எரியவிட்டு, ஒன்றாக உட்காருங்கள். தாய்லாந்துப் பிள்ளைகள் பிழைத்தது அப்படித்தான்.

கடைசியாக, அந்தச் சைக்கிள்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை வாசலில் நிற்கும் சைக்கிளிடம் விட்டுவிடக் கூடாது. குகை ஆட்கள் உள்ளே போகுமுன், கூட வராத ஒருவரிடம் எழுதிக் கொடுப்பார்கள்: எந்தக் குகை, எத்தனை பேர், எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்குள் வெளியே, அந்த நேரம் தாண்டினால் யாரை அழைப்பது. எங்கள் காலத்தில் மாலையில் கேஷ் டேலி ஆகாமல் ஒருவரும் கிளையை விட்டு வீட்டுக்குப் போக முடியாது. பத்து ரூபாய்க்கே அவ்வளவு பாடு. எட்டு உயிருக்கு ஒரு காகிதம் எழுத முடியாதா?

ஆகவே பி பிளாக் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள். ஜூன் வேண்டாம், பிப்ரவரிக்கு டிக்கெட் போடுங்கள். உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். பெற்றோர்களே, பிப்ரவரி என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் நீங்களும் தடுக்காதீர்கள், மனதார அனுப்பி வையுங்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனால் வருகிறேன், வாசல்வரைக்கும்தான். எத்தனை பேர் உள்ளே போனீர்கள், எத்தனை பேர் வெளியே வந்தீர்கள் என்று நோட்டில் எழுதி டேலி பார்க்க ஒரு கிளார்க் வேண்டுமே.